தோழியைப் பனி கொண்டுபோனது; நான் மறுபடியும் சறுக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. சுவிஸில் பிறந்து வளர்ந்தவள், தாதியாக வேலை செய்கிறேன். பள்ளிப் பனிச்சறுக்கு முகாமில் எனக்குச் சறுக்கக் கற்றுத் தந்தவள் என் சுவிஸ் தோழி. கடந்த ஜனவரியில் கிரவ்புண்டன் மாநிலத்தில், பாதைக்கு வெளியே சறுக்கியபோது பனிச்சரிவில் புதைந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை. அன்று எனக்கு வேலை முறை. இல்லையென்றால் நானும் போயிருப்பேன். எனக்கு நான்கு வயதில் மகன் இருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து போர்க்காலத்தில் வந்த என் அம்மா, “இனி மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்காதே” என்கிறார். எங்கள் நண்பர் குழுவோ, ஓராண்டு நினைவு நாளில் அவளுக்காக அதே சரிவில் இறங்க முடிவு செய்து என்னையும் அழைக்கிறது. போனால் மகனுக்கும் அம்மாவுக்கும் அநியாயம். போகாவிட்டால் அவளுக்குத் துரோகம். அவளுடைய தாய் அவளது எல்விஎஸ் கருவியை (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி) என்னிடம் தந்திருக்கிறார். அதை நான் அணியலாமா? என்ன செய்வது?
– வாசகி, பேர்ண்

அன்புள்ள சகோதரி,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்ப்போம். நினைவு நாளன்று அந்தச் சரிவில் இறங்கப் போகாதீர்கள். பனிச்சறுக்கை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். இவை இரண்டும் தனித்தனி முடிவுகள். துக்கம் அவற்றை ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால்தான் நீங்கள் இந்தப் பாடு படுகிறீர்கள்.

“அன்று எனக்கு வேலை முறை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை. நானும் செத்திருப்பேனே என்ற நடுக்கமும், நான் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேனோ என்ற குற்றவுணர்வும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. உயிர் காக்கும் தொழிலில் இருப்பவருக்கு இரண்டாவது எண்ணம் தூங்க விடாது. பனியில் முழுவதும் புதைந்தவர்களை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 3 ஆகச் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான் காரணம். பாறையிலும் மரத்திலும் மோதி உடனேயே இறப்பவர்களும் உண்டு. அருகிலேயே நின்ற நண்பர்களுக்குக் கைகூடாதது, நீங்கள் ஒருவர் கூடுதலாக நின்றிருந்தால் கைகூடியிருக்கும் என்று எந்த மருத்துவராலும் மலை வழிகாட்டியாலும் சொல்ல முடியாது. நீங்களும் அதை உங்களுக்கே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் விலக்கி வைக்க வேண்டும். “அவள் விரும்பியதைச் செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாள்” என்று துக்கம் விசாரிக்க வந்த பலர் சொல்லியிருப்பார்கள். ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் தோழி அன்று மாலை கீழே இறங்கி வந்து, நனைந்த உடுப்பைக் காயப்போட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடவே விரும்பியிருப்பாள். சறுக்கல்தான் அவள் விரும்பியது. சாவு அவள் விருப்பத்தில் எங்கும் இல்லை. இதை மறந்தால் அவள் இறந்த சரிவு ஒரு புனிதத் தலமாகிவிடும், அங்கே இறங்குவது அவளுக்குச் செலுத்தும் காணிக்கையாகிவிடும். உங்கள் குழுவுக்கு இப்போது நேர்ந்திருப்பது இதுதான்.

அம்மா அஞ்சுவது ஒரு பனிக்கு, நீங்கள் ஏங்குவது இன்னொரு பனிக்கு. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 20 பேருக்குச் சற்று மேல் இறக்கிறார்கள். அவர்களில் 10 பேருக்கு 9 பேர் பாதுகாக்கப்படாத திறந்த மலையில் இருந்தவர்கள். பிஸ்டே எனப்படும் அடையாளமிட்ட சறுக்குப் பாதைகளுக்கு மேலுள்ள சரிவுகளை நிர்வாகத்தினர் கண்காணிக்கிறார்கள். தேவைப்பட்டால் வெடி வைத்து முன்கூட்டியே பனியை இறக்குகிறார்கள், அல்லது பாதையை மூடிவிடுகிறார்கள். பிஸ்டேயிலும் மோதல் உண்டு, முழங்கால் நார் அறுவதுண்டு. ஆனால் வேகத்தைக் குறைத்தும், தலைக்கவசம் அணிந்தும், களைத்தவுடன் நிறுத்தியும் அந்த ஆபத்தின் பெரும்பகுதியை உங்களால் குறைக்க முடியும்.

திறந்த மலை அப்படிப்பட்டதல்ல. நவம்பரில் விழும் முதல் பனி, நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் நீண்ட நாள் குளிரில் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாத சீனி போன்ற மணிகளாக மாறிவிடுகிறது. அதன்மேல் காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து கெட்டியான பலகையாக அடுக்குகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு வெண்மையான, அழகான பரப்பு மட்டுமே தெரியும். 30 பாகைக்கு மேல் செங்குத்தான அத்தகைய சரிவில் ஒருவர் ஏறி நின்றால், அடியில் உள்ள பலவீனமான அடுக்கு உடைந்து, அந்த உடைவு நொடியில் சரிவு முழுவதும் பரவி, பலகை மொத்தமாகக் கழன்று இறங்குகிறது. பனிச்சரிவில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலானோருக்கு அதைத் தூண்டிவிட்டது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான். கொடுமை என்னவென்றால், நேற்று பத்துப் பேர் இறங்கிய இடத்தில் இன்று பதினோராவது ஆள் அதைத் தூண்டிவிடலாம். ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்த ஒவ்வொரு நாளும், “நாம் சரியாகத்தான் கணித்தோம்” என்று மனிதரை நம்பவைத்துவிடுகிறது. கணிப்பு பிழையாக இருந்து, அதிர்ஷ்டம் காப்பாற்றிய நாட்களும் அவற்றில் இருக்கும்.

டாவோசிலுள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடும் பனிச்சரிவு அபாய அறிக்கையை நீங்கள் அறிவீர்கள். அதன் ஐந்து அபாய நிலைகளில் மிகுதியான உயிர்களைப் பறிப்பது நான்காவதோ ஐந்தாவதோ அல்ல, மூன்றாவதுதான். குளிர்காலத்தின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்களில் இந்த நிலை இருக்கிறது. உயிரிழப்பில் ஏறக்குறைய பாதி அந்த நாட்களில் நேர்கிறது. நான்கு என்றால் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால், ஐந்தில் மூன்று நடுத்தரம்தானே என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் நண்பர்களின் திட்டத்துக்கு வருகிறேன். அன்பினால் போட்ட திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது நாளையும் சரிவையும் பனி விழுவதற்கு முன்பே குறித்துவிட்டது. மலையில் பிழைத்திருப்பவர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது: அன்றைய பனியைப் பார்த்துச் சரிவைத் தேர்ந்தெடுப்பார்கள், சரியில்லை என்றால் திரும்பி விடுவார்கள். நினைவு நாளில் எல்லோரும் மேலே ஏறி நிற்கும்போது, “இன்று வேண்டாம்” என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? சொன்னால் இறந்தவளை மதிக்காதது போல ஆகிவிடும் அல்லவா? நீங்களே வீட்டில் உட்கார்ந்துகொண்டு துரோகம் என்ற சொல்லை எழுதியிருக்கிறீர்கள். 2,500 மீட்டர் உயரத்தில், கண்ணீரோடு நிற்கும் நண்பர்கள் நடுவில், அந்தச் சொல்லின் கனம் பல மடங்காகிவிடும்.

இயன் மெக்கம்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, மனிதர்கள் விழும் மனப் பொறிகளை விவரித்திருக்கிறார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, எடுத்த முடிவிலிருந்து பின்வாங்க மனமில்லாமை, பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, அனுபவசாலி பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் ஆகியவை அவற்றில் சில. உங்கள் நினைவுப் பயணத்தில் இவற்றில் எது இல்லை? 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற இடத்தில் நேர்ந்ததும் இதுதான். பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாகப் புறப்பட்டார்கள். பலர் அந்த மலையை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்கள். சிலருக்கு உள்ளுக்குள் நெருடல் இருந்தது. இத்தனை பேருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டதாகப் பின்னர் சொன்னார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

ஆகவே உங்கள் குழுவுக்கு மனம்விட்டு எழுதுங்கள். நாளை வைத்துக்கொள்வோம், சரிவை விட்டுவிடுவோம் என்று சொல்லுங்கள். அன்று எல்லோரும் அந்த ஊருக்குப் போங்கள். அவளுடைய தாயையும் அழைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் பிஸ்டேயில் அவள் விரும்பிய பாதையில் சேர்ந்து இறங்குங்கள். ஒருவேளை உங்களுக்குள் ஒருவர் மட்டுமல்ல, பலர் இந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கலாம். யாராவது கோபித்துக்கொண்டால், கோபித்துக்கொள்ளட்டும்.

ஏன் சறுக்கை முழுதும் விட வேண்டாம் என்கிறேன்? பலனையும் ஆபத்தளவுக்கே கவனமாக எடைபோட வேண்டும் என்பதால். வெளிநாட்டில் பிறந்த தமிழ்ப் பெண்ணொருத்தி வகுப்புத் தோழியின் கைபிடித்து ஒரு மலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது சின்ன விஷயமல்ல. உடலின் களிப்பு, குளிர்காலத்தில் கிடைக்கும் வெளிச்சம், அந்த நட்பு, இந்த நாடு உங்களுக்குள் வேரூன்றிய விதம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதையும் இழந்தால் தோழியோடு உங்கள் வாழ்வின் ஒரு பெரும் பகுதியும் போய்விடும்.

நெதர்லாந்து இளவரசர் ஃப்ரிசோ 2012 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் லெக் என்ற ஊரில் பிஸ்டேக்கு வெளியே பனிச்சரிவில் புதைந்தார். உடன் சென்ற நண்பர் தப்பினார். ஃப்ரிசோவுக்கு முழு நினைவு திரும்பவே இல்லை. 2013 ஆகஸ்டில் இறந்தார். அந்தக் குடும்பம், தாய் பியாட்ரிக்ஸ் உட்பட, பின்னரும் குளிர்கால விடுமுறைக்கு லெக்குக்கே வந்தது. மகனைக் கொண்டுபோன ஊரை ஒரு தாய் வெறுக்காமல் இருந்ததைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன். எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் நாள் பிஸ்டேயின் உச்சியில் நின்று கால்கள் நகர மறுத்தால், தொங்கு வண்டியிலேயே இறங்கி வந்துவிடுங்கள். அடுத்த ஆண்டும் அப்படியே இருந்தால், விட்டுவிடுவதும் நேர்மையான முடிவுதான். கனவும் நடுக்கமும் தொடர்ந்தால் உளநல மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லும் அறிவுரைதானே இது.

பிஸ்டேக்கு வெளியே? இந்தக் குளிர்காலம் வேண்டாம் என்பது என் கருத்து. துக்கத்தில் இருப்பவரின் மனம் சில நாள் அளவுக்கு மீறி அஞ்சும், சில நாள் எதுவும் பொருட்டில்லை என்று எண்ணும். இரண்டுமே மலையைக் கணிக்க உதவாதவை. பிறகு போவதானால், மகன் வளரும் வரையாவது 30 பாகைக்குக் குறைவான சரிவுகளோடு நில்லுங்கள். சுவிஸ் அரசின் வரைபட அலுவலகமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தில் அதற்கு மேற்பட்டவை நிறமிட்டுக் காட்டப்படுகின்றன. காலடிச் சரிவு மட்டுமல்ல, தலைக்கு மேலுள்ள சரிவையும் பார்க்க வேண்டும். அங்கிருந்து இறங்கும் பனி உங்களை வந்து அடையும். உங்கள் குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலே எல்லோரும் காரணம் கேட்காமல் திரும்பிவிட வேண்டும். அதற்கு ஒப்பாதவர்களோடு, எவ்வளவு நெருங்கிய நண்பர்களானாலும், திறந்த மலைக்குப் போகாதீர்கள்.

அம்மாவுக்கு வருவோம். ஆபத்து வீடு தேடி வந்த காலத்தில் தப்பி வந்தவர் அவர். வேண்டுமென்றே ஆபத்தை நோக்கிப் போகும் விளையாட்டு அவருக்கு எப்படி விளங்கும்? “ஒன்றும் ஆகாது அம்மா” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உண்மையும் அல்ல. உங்கள் தோழியும் தன் தாயிடம் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எங்கே போகிறீர்கள், எங்கே போகமாட்டீர்கள் என்று வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். முடிந்தால் பேரனோடு ஒருநாள் அவரையும் மேலே அழைத்துப் போய், பிஸ்டே எது, அதற்கு வெளியே உள்ளது எது என்று கண்ணால் பார்க்க வையுங்கள். அவர் அஞ்சுவதை நிறுத்தமாட்டார். ஆனால் நீங்கள் வரைந்த எல்லை அவருக்குத் தெரியும், அதை மீறினால் கேட்கும் உரிமையும் அவருக்கு வந்துவிடும். அந்த உரிமையை அவருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, அந்த எல்விஎஸ் கருவி. பிஸ்டேயில் அது தேவைப்படாது. பனிச்சரிவில் அடிபட்ட கருவியைச் சோதிக்காமல் யாரும் அணியக் கூடாது; வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே ஆன்டெனா பழுதாகியிருக்கலாம். தயாரித்த நிறுவனத்துக்கு, நடந்ததை எழுதி, பரிசோதனைக்கு அனுப்புங்கள். சரியாக இருக்கிறது என்று அவர்கள் உறுதி செய்தால், திறந்த மலைக்குப் போகும் நாளில் தாராளமாக அணியலாம். அவளுடைய தாய் அதற்காகத்தான் தந்திருப்பார். பழுது என்றாலோ, மிகப் பழைய மாதிரி என்றாலோ, நினைவாக வைத்துக்கொண்டு உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள். பேட்டரிகள் இன்னும் உள்ளே இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். கசிந்து கருவியைக் கெடுத்துவிடும்.