அப்டேட் போட்டதும் காலண்டர் காணோம்: தண்டர்பேர்டு கேள்வி பதில்

உபுண்டு, டெபியன், மின்ட் ஆகிய லினக்ஸ்களில் அப்டேட்டுக்குப் பிறகு தண்டர்பேர்டு மெயில் புரோகிராமின் காலண்டர் மக்கர் செய்கிறது என்று வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவை இங்கே. பதிலைப் படித்து முடிக்கும்வரை எதையும் அன்-இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பெரும்பாலும் உங்கள் நிகழ்ச்சிகள் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, கடையில் பல வருஷமாக அப்டேட்டே போடாத உபுண்டு மெஷின். இப்போது ஒரே மூச்சாக 22.04 வரை ஏற்றிவிட்டேன். ஆட்-ஆன் பட்டியலில் லைட்னிங்கைக் காணோம். தேடிப் பிடித்துப் போட்டாலும் "இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது" என்கிறது. சரியான லைட்னிங் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது, தேடவும் வேண்டாம். லைட்னிங் ஒரு காலத்தில் காலண்டருக்கான தனி ஆட்-ஆன். அதற்குள் கம்பைல் செய்த பகுதிகள் இருந்ததால் தண்டர்பேர்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கென்றே ஒரு லைட்னிங் வேண்டும்: 24க்கு 2.6, 31க்கு 3.3 என்று. அப்டேட்டில் ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் காலண்டர் போச்சு. 2015இல் வந்த 38ஆம் பதிப்பிலிருந்து லைட்னிங்கைக் கூடவே சேர்த்துக் கொடுத்தார்கள். 2020இல் 78 வந்தபோது காலண்டர் தண்டர்பேர்டுக்குள்ளேயே கலந்துவிட்டது. அதனால்தான் பட்டியலில் பெயர் இல்லை. இடது ஓரப் பட்டையில் காலண்டர் ஐகான் இருக்கும், அழுத்திப் பாருங்கள். இறக்கி வைத்த பழைய லைட்னிங் கோப்பைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: ஐகான் இருக்கிறது, காலண்டரும் திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. 22.04லிருந்து 24.04க்கு மாறினேன். நான்கு வருஷ கிளையன்ட் தேதிகள் சார், தூக்கமே வரவில்லை.

பதில்: தூங்குங்கள். நீங்கள் வேறு வீட்டுக்குள் நுழைந்து பீரோவைக் காணோம் என்கிறீர்கள், அவ்வளவுதான். 24.04இல் உபுண்டு தண்டர்பேர்டை வழக்கமான டெப் பேக்கேஜாகத் தராமல், தனக்கென ஒதுக்கிய இடத்துக்குள் ஓடும் ஸ்னாப் பேக்கேஜாகத் தருகிறது. டெப் காலத்தில் உங்கள் ப்ரொஃபைல் (மெயில், காலண்டர், அமைப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) ஹோம் ஃபோல்டரில் '.தண்டர்பேர்டு' என்ற மறைந்த ஃபோல்டரில் இருந்தது. ஸ்னாப் தேடுவது ஹோமில் ஸ்னாப், அதற்குள் தண்டர்பேர்டு, அதற்குள் காமன், அதற்குள் இருக்கும் '.தண்டர்பேர்டு'. பழையது தானாக வந்து சேராவிட்டால் புதிதாக ஒரு காலி ப்ரொஃபைல் உருவாகிவிடும்.

முதலில் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் திறந்து, இப்போது ஓடுவது எந்த ப்ரொஃபைல் ஃபோல்டர் என்று பாருங்கள். பிறகு ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். பழைய '.தண்டர்பேர்டு'க்குள் தாறுமாறான எழுத்துகளில் தொடங்கி 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்று முடியும் ஃபோல்டர் இருக்கும். அதில் 'காலண்டர்-டேட்டா', அதற்குள் 'லோக்கல்.எஸ்கியூலைட்'. புதிய ப்ரொஃபைலில் உள்ள அதே கோப்போடு அளவை ஒப்பிடுங்கள். பழையது பெரிதாக இருந்தால் உங்கள் நான்கு வருஷம் அங்கேதான் இருக்கிறது.

அவசரத்தில் அந்த ஒரு கோப்பை மட்டும் காப்பி செய்து ஒட்டாதீர்கள். பலர் விழும் குழி அது. நிகழ்ச்சிகள் அந்தக் கோப்பில் இருந்தாலும், என்னென்ன காலண்டர்கள் உண்டு, எதற்கு எந்த அடையாள எண் என்ற பட்டியல் 'ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ்'இல் இருக்கிறது. எண் பொருந்தாவிட்டால் டேட்டா இருந்தும் திரையில் காலியாகத்தான் தெரியும். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு (ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் கடைசி மாற்றங்கள் பக்கத்துத் தற்காலிகக் கோப்பில் தங்கிவிடலாம்), ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஸ்னாப் இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். டெர்மினலில் தண்டர்பேர்டு என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய 'பி'யும் சேர்த்துத் தொடங்கினால் ப்ரொஃபைல் மேனேஜர் வரும். புதிய ப்ரொஃபைல் உருவாக்கி, 'சூஸ் ஃபோல்டர்' மூலம் காப்பி செய்ததைக் காட்டுங்கள். மெயிலும் காலண்டரும் சேர்ந்தே வரும். ஒரு வாரம் போகட்டும், பழைய ஃபோல்டரை அதுவரை அழிக்க வேண்டாம்.

ஸ்னாப் இல்லாதவர்களுக்கும் இது நேரும். ஒரே மெஷினில் வெவ்வேறு இடங்களில் தண்டர்பேர்டு இருந்தால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ப்ரொஃபைலை வைத்துக்கொள்ளும்.

கேள்வி: பேசாமல் பழைய பதிப்பையே திரும்பப் போட்டுவிட்டால்?

பதில்: அதே ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க தண்டர்பேர்டே சம்மதிக்காது. தடையை மீற 'அலவ்-டவுன்கிரேடு' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. ஆனால் புதிய பதிப்பு டேட்டாபேஸின் அமைப்பை மாற்றியிருக்கலாம். கையில் காப்பி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: கூகுள் காலண்டர் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொடுத்தாலும் மறுபடி கேட்கிறது.

பதில்: தண்டர்பேர்டு அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குப் போய், தளங்களின் குக்கீகளை ஏற்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். கூகுள் லாகின் ஜன்னலுக்குக் குக்கீ அவசியம். பிறகு அந்தக் காலண்டரை நீக்கிவிட்டு, 'புதிய காலண்டர், நெட்வொர்க்கில்' என்று தேர்ந்து ஜிமெயில் முகவரியை மட்டும் கொடுங்கள். உங்கள் காலண்டர்களை அதுவே கண்டுபிடிக்கும். இதற்கு ஆட்-ஆன் எதுவும் வேண்டாம். கூகுள் டாஸ்க்ஸும் வேண்டும் என்பவர்கள் மட்டும் 'ப்ரொவைடர் ஃபார் கூகுள் காலண்டர்' போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்) காலண்டரை இணைக்க டிபிசிங்க் ஆட்-ஆன் வைத்திருந்தேன். தண்டர்பேர்டு 128லிருந்து 140க்குப் போனதும் முடங்கிவிட்டது.

பதில்: இதுதான் அசல் ஆட்-ஆன் பிரச்சினை. காலண்டரைத் தொடும் பல ஆட்-ஆன்கள் தண்டர்பேர்டின் உள்பகுதிக்குள் நேரடியாகக் கைவைக்கின்றன. உள்ளே கொஞ்சம் மாறினாலும் அவை படுத்துவிடும். டிபிசிங்க் ஒன்று, எக்ஸ்சேஞ்சுக்கான ப்ரொவைடர் இன்னொன்று. இரண்டையும் புதுப்பிக்க வேண்டும், பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்-ஆன் கோப்பைப் பிரித்து அதிகபட்சப் பதிப்பு எண்ணைத் திருத்தும் வித்தை சுற்றிக்கொண்டிருக்கிறது. வேண்டாம், உள்ளே உடைந்தது எண்ணை மாற்றினால் ஒட்டாது. 2025 மார்ச்சில் வந்த 136லிருந்து மாதாந்திரப் பதிப்புகளையே பொதுவாகத் தருகிறார்கள். ஆட்-ஆனை நம்பி ஆபீஸ் நடத்துபவர்கள் மாதாமாதம் மாறாமல் நீண்ட நாள் ஆதரவு தரும் ஈஎஸ்ஆர் பதிப்பிலேயே இருங்கள். மாதாமாதம் புதிது பார்க்கும் ஆசை வீட்டுக் கம்ப்யூட்டரோடு நிற்கட்டும்.

கேள்வி: எல்லா மீட்டிங்கும் ஐந்தரை மணி நேரம் முன்னால் தெரிகிறது. காலை 10 மணி மீட்டிங் 4.30க்கு!

பதில்: நேர வலயம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) போய்விட்டது. முதலில் லினக்ஸின் நேர அமைப்பைச் சரிசெய்து, பிறகு தண்டர்பேர்டின் காலண்டர் அமைப்பில் கொல்கத்தா என்று வையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு.

கேள்வி: ஒரே ஒரு காலண்டர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: அதன்மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். 'ஆஃப்லைன் சப்போர்ட்' டிக்கை எடுத்து ஓகே, மறுபடி டிக் வைத்து ஓகே. சேமித்து வைத்திருந்த பிரதி அழிந்து சர்வரிலிருந்து புதிதாக இறங்கும். அதன்பிறகும் முக்கோணம் நின்றால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஜே அழுத்தி, வரும் சிவப்பு வரிகளை அனுப்புங்கள்.

கேள்வி: பென்டிரைவில் உள்ள ஐசிஎஸ் கோப்பை (காலண்டர் நிகழ்ச்சிகள் சேமித்த கோப்பு) இம்போர்ட் செய்ய முடியவில்லை.

பதில்: ஸ்னாப் என்றால் பென்டிரைவைத் தொட அதற்குத் தனி அனுமதி வேண்டும். கோப்பை டாக்குமென்ட்ஸுக்குக் காப்பி செய்து அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி: நான் மின்ட் 22. இந்த ஸ்னாப் தொல்லை எனக்கும் உண்டா?

பதில்: இல்லை. மின்ட்காரர்கள் தண்டர்பேர்டைத் தாங்களே டெப்பாகத் தயாரித்துத் தருகிறார்கள். உங்கள் ப்ரொஃபைல் பழைய இடத்திலேயே இருக்கும். இருந்தாலும் அடுத்த அப்டேட்டுக்கு முன் ஒவ்வொரு காலண்டர்மேலும் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஐசிஎஸ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷ வேலை.