இதர வகை

அன்புள்ள ஐயா,

கோபியில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். இங்கிலாந்தில் அதிகாரம் அரசரிடமிருந்து நாடாளுமன்றத்துக்குச் சரியாக எந்த ஆண்டில் மாறியது? கையேட்டில் 1649 என்று இருக்கிறது. பயிற்சி மைய ஆசிரியர் 1688 என்கிறார். முதலாம் சார்லஸின் தலையையே வெட்டிய நாட்டில் இன்னும் ஏன் அரசர் இருக்கிறார்? நம் ஆளுநர்கள் மசோதாவில் கையெழுத்திடாமல் வைத்திருப்பதும் இதுவும் ஒன்றுதானா? மக்கள் வென்ற வரலாறு என்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணிக்கு,

ஆளுநர் விவகாரத்தை விடுங்கள். அது தினமும் நாளிதழில் வருகிறது, அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

'சரியாக எந்த ஆண்டில்' என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கிப் பழகிய கை இப்படித்தான் கேட்கும். தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் எந்த நிமிடத்தில் வயல் நிறைத்தது என்று உங்கள் ஊர் விவசாயி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். 1649இல் தலையை வெட்டியதால் அதிகாரம் மாறியிருந்தால், 1660இல் அதே சார்லஸின் மகனை அழைத்துவந்து அரியணையில் உட்காரவைத்திருப்பார்களா? கோடரியை மறந்துவிடுங்கள். பணப்பெட்டியைப் பாருங்கள்.

சார்லஸ் 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. ஆனால் செலவு நிற்குமா? கப்பல் வரி என்று ஒன்று அங்கே உண்டு. ஆபத்துக் காலத்தில் கடலோரத்தார் கப்பலுக்காகத் தருவது. 1635இல் அதை உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார். காங்கேயத்துக்காரரிடம் போய்த் தூத்துக்குடிக்குக் கப்பல் கட்டக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? ஜான் ஹாம்டன் என்பவர் தரமாட்டேன் என்றார். வழக்குக்கு வந்த தொகை வெறும் 20 ஷில்லிங். 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம். வழக்கில் தோற்றார்தான். ஆனால் 5 பேர் எதிர்த்தார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் போயிற்று. பிறகு ஸ்காட்லாந்தோடு சண்டை வந்து கஜானா காலியானதும், 1640இல் அதே நாடாளுமன்றத்தைத்தான் அரசர் கூப்பிட வேண்டியிருந்தது.

உங்கள் கடிதம் வந்த வாரம் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பிக் கணக்குப் பேரேடு ஒன்று கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. தீவட்டி எண்ணெய், பூ, வாணவேடிக்கை என்று வரிசையாகப் போய்க் கடைசியில் 'இதர வகை ரூ.112'. அந்த வரியைச் சுற்றி மட்டும் பென்சிலால் ஒரு வட்டம். அது அப்பாரு, அதாவது என் தாத்தா, போட்ட வட்டம்.

எனக்கு அப்போது பத்து வயது. ஊர்க்கவுண்டர்தான் தலைக்கட்டு வரி போடுவார், செலவழிப்பார், கணக்கைத் தன் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வார். அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான். அந்த வருடம் பூச்சாட்டுக்கு முன்னால் கோயில் வாசலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூட்டம். எங்கிருந்தோ அந்தப் பேரேட்டை வாங்கிப் பார்த்திருந்த அப்பாரு எழுந்து, "இந்த 'இதர' யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வரி வாங்க ஆள் வந்தபோது ஒரு வீட்டிலும் இரண்டு ரூபாய் பெயரவில்லை, அவ்வளவுதான். வழக்கமான செவ்வாய்க்கிழமை கம்பம் நடவில்லை. அடுத்த செவ்வாய் அவரே பேரேட்டை எடுத்துவந்து வரிவரியாக வாசித்தார். குரல் கம்மியிருந்தது.

அதன்பிறகு ஊர் செய்ததுதான் முக்கியம். அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வரியை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வருடத்துக்கு மட்டும் என்றார்கள். 1688இல் அரசர் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியபின், 1689இல் லண்டனில் நடந்ததும் இதுவே. நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வரியும் கூடாது, அமைதிக் காலத்தில் படையும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் எழுதினார்கள். படையை நடத்தும் சட்டத்துக்குக் குறுகிய ஆயுள் வைத்துத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவைத்தார்கள். அன்றிலிருந்து நாடாளுமன்றம் கூடாத ஆண்டே இல்லை. சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே சின்னமலை வரிப்பணத்தைப் பறித்த கதையைச் சொல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? அது வீரம், ஒரு நாள் வேலை. வருடாவருடம் உட்கார்ந்து கணக்குக் கேட்பது சலிப்பான வேலை. அதற்கு யாரும் சிலை வைப்பதில்லை.

மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தவர் ராணி ஆன், 1708இல். பிறகு மறுக்கவேண்டிய தேவையும் துணிவும் மெல்லப் போயின. மரியாதை மட்டும் நின்றது. எங்கள் ஊரிலும் முதல் பரிவட்டம் ஊர்க்கவுண்டருக்குத்தான். கட்டச்சொல்லி முதலில் குரல் கொடுத்ததே அப்பாருதான். ஏன் இன்னும் அரசர் என்று கேட்டீர்களே, இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

'மக்கள் வென்ற வரலாறு' என்றா எழுதினீர்கள்? அந்த நாடாளுமன்றம் நிலக்காரர்களின் சபை. அங்கே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக வாக்கு கிடைத்தது 1928இல். எங்கள் கோயில் வாசலில் அன்று இரவு அப்பத்தா இல்லை. பறையடிக்க வந்தவர்கள் வேப்பமரத்துக்கு அப்பால் இருட்டில் நின்றார்கள். அவர்களிடம் 'இதர'வைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அப்பாருவும் கேட்கவில்லை.

தேர்வில் 1688, 1689 என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

போன மாதம் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பொருளாளர் கைப்பேசியைப் பார்த்துக் கணக்கு வாசித்தார். ஒலிபெருக்கி, பந்தல், பூ, 'இதர'. நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்துப் பந்தலில் இலை போட்டுவிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன்.