சேறு அள்ளப் போகிறவருக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையிலிருந்து பதினைந்து பேர், வெள்ளத்தில் மூழ்கிய ஓர் ஊருக்கு ஒரு வாரம் உதவிக்குப் போகிறோம். எனக்குக் கொத்து வேலையும் தெரியாது, தச்சு வேலையும் தெரியாது. பயணச் செலவை அப்படியே அனுப்பிவிடலாமே என்று தோன்றுகிறது. மாலைகளில் அங்கே ஜெபக்கூட்டம் நடத்தவும் திட்டமிருக்கிறது. அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெள்ளம் வடிந்த வீட்டில் முதல் வேலைக்குக் கொத்தனார் தேவையில்லை. சேறு அள்ள ஆள் வேண்டும். ஊறிய பொருட்களில் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் அவசரமும் உண்டு.

அந்த அவசரத்தில்தான் நாங்கள் ஒருமுறை தப்பு செய்தோம். பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு குழுவோடு போயிருந்தேன். ஒரு வீட்டில் மெத்தை, துணி, புத்தகம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் தெருவில் குவித்துவிட்டோம். எங்கள் வேகம் எங்களுக்கே பெருமையாக இருந்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பார்த்தால், அந்தக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார். கல்யாண ஆல்பம். படங்கள் சேறு அப்பி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காய்வதற்குள் பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படம் மேலே தெரியும்படி பரப்பி வைத்தால் பல படங்கள் பிழைக்கும். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

மறுநாள் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே வெளியே போட்டோம். வேலை பாதிதான் நடந்தது. நடந்தவரை போதும்.

பணமா, ஆளா என்று கேட்கிறீர்கள். இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியதோடு விடவில்லை. விடுதிக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். பிரசங்கங்களில் அந்த விடுதிக்காரனை ஏனோ மறந்துவிடுகிறார்கள். போங்கள், நீங்கள் திரும்பி வந்த பிறகும் அங்கேயே இருந்து வேலை பார்க்கப்போகிறவர்கள் கையில் கொஞ்சம் பணமும் கொடுங்கள்.

ஜெபக்கூட்டம் வேண்டாம். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் 1994-இல் பேரிடர் உதவிக்காகப் பத்து விதிகள் வகுத்தன. உதவியைச் சமயக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது விதி. அதை வகுத்தவர்களில் காரித்தாஸ் போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. காலையில் வீட்டைக் கழுவிக் கொடுத்தவர் மாலையில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் யாரால் மறுக்க முடியும்? ஜெபத்தை உங்கள் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களாகவே கேட்டால் அது வேறு.

கடைசியாக, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, முகக்கவசம் கட்டாயம். பிளீச்சோடு அம்மோனியா உள்ள எதையும் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். திரும்பி வந்ததும் எழுதுங்கள்.