கேள்வி – பதில்: லேமினேஷன் போட்ட வினைல் ஓரம் தூக்குவது ஏன்?

எக்கோ சால்வென்ட் பிரிண்ட் (கரைப்பான் கலந்த மையில் வினைல் ஸ்டிக்கர் ஷீட்டில் அச்சடித்தது), தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் லேமினேஷன் போட்டுவிடுகிறோம். வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டே நாளில் ஓரம் தூக்கிக்கொள்கிறது. வினைல் பசை மட்டமா?
– வாசகர், ஈரோடு

பசையைத் திட்டாதீர்கள். கையில் மை ஒட்டவில்லை என்றால் மேலே காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே சால்வென்ட், அதாவது மையின் கரைப்பான், இருக்கும். மேலே பிலிம் மூடியதும் அது வெளியேற வழியில்லாமல் கீழிறங்கிப் பசையை இளக்கும்; வினைலும் மெத்தென்றாகிச் சுருங்கும். குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். கறுப்பும் அடர் சிவப்பும் அதிகமிருந்தால் 48. அதிலும் ரோலை இறுக்கிச் சுற்றிப் படுக்கவைத்தால் எத்தனை நாள் காத்திருந்தும் வீண். தளர்வாகச் சுற்றி நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். சுற்றுக்குச் சுற்று விரல் நுழைய வேண்டும். முகர்ந்து பாருங்கள், வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை.

லேமினேஷன் மெஷின் மேலும் சந்தேகம் வையுங்கள். பிலிம் ரோலின் பிரேக் இறுக்கமாக இருந்தால் பிலிம் இழுபட்ட நிலையிலேயே ஒட்டும். பிறகு பழைய அளவுக்குத் திரும்பும்போது வினைலையும் சேர்த்து இழுக்கும். கண்டுபிடிப்பது சுலபம். அச்சடிக்காத வெறும் வினைலில் ஒரு அடித் துண்டுக்கு லேமினேஷன் போட்டு, ரிலீஸ் பேப்பரோடு (பின்னால் உரிக்கும் தாள்) மேசையில் ஒரு ராத்திரி விடுங்கள். அதுவும் மேல்நோக்கிச் சுருண்டால் இழுவைதான் காரணம். பிலிம் தொய்யாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் பிரேக்கை வைத்தால் போதும். வெறும் வினைல் சமமாகக் கிடந்து, பிரிண்ட் மட்டும் சுருண்டால் சால்வென்ட்.

காஸ்ட் வினைலுக்கு (வார்த்துச் செய்தது, அதிகம் சுருங்காது) மேல் விலை குறைந்த மோனோமெரிக் பிலிம் (எளிதில் சுருங்குவது) போடும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். காஸ்ட் வினைலுக்கு காஸ்ட் பிலிம்தான்.

கறுப்புப் பகுதியில் மட்டும் வெள்ளிப்பொடி தூவினாற்போல் தெரிகிறது.
– வாசகி, மதுரை

மை மேட்டில் சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகள். ரோலர் அழுத்தத்தைக் கூட்டி, வேகத்தைக் குறையுங்கள். லேசாக இருந்தால் ஓரிரு நாளில் தானே மறையும்.

லேமினேஷன் போட்டபின் பிளாட்டர் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்) சரியாக வெட்டுவதில்லை. அழுத்தம் கூட்டினால் ரிலீஸ் பேப்பரும் அறுபடுகிறது.
– வாசகர், திருப்பூர்

வினைல் 80 மைக்ரான், பிலிம் 70 என்றால் வெட்ட வேண்டியது 150. 45 டிகிரி பிளேடு தடுமாறும். 60 டிகிரிக்கு மாறுங்கள். முதலில் பிளேடு நீளம், பிறகுதான் அழுத்தம். பிளேடு ஹோல்டரைக் கையில் பிடித்து, கழிவுத் துண்டில் அழுத்திக் கோடு இழுங்கள். வினைல் உரிந்து, பேப்பரில் மெல்லிய கீறல் தெரிந்தால் நீளம் சரி. பேப்பர் கிழிந்தால் பிளேடு அதிகம் நீண்டிருக்கிறது. அதற்குமேல் அழுத்தத்தை 10 கிராம், 10 கிராமாகக் கூட்டி டெஸ்ட் கட் எடுங்கள். சதுரத்தின் மூலை வளைந்தோ வால் நீண்டோ வந்தால் மெஷினில் வைத்த ஆஃப்செட் (பிளேடு நுனி நடுவிலிருந்து விலகியிருக்கும் அளவு) தப்பு. பிளேடு மாற்றியவர்கள் இதை மாற்ற மறப்பதுதான் வழக்கம்.

பளபள பிலிமில், வெட்டும் இடத்தைக் காட்ட அச்சடித்த மார்க்கைப் பிளாட்டரின் சென்சார் படிக்காவிட்டால், மார்க்கின் மேல் மட்டும் பளபளப்பில்லாத மங்கல் டேப் ஒட்டினால் போதும்.

டிசைனிலேயே மூலைகளை 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள்; கூர்மூலையில்தான் நகம் முதலில் மாட்டும். கையால் டிரிம் செய்தால் இரும்பு ஸ்கேல், 30 டிகிரி பிளேடு. இழுக்கும்போது 'சர்ர்' என்று சத்தம் வந்தால் பிளேடின் மழுங்கிய நுனியை ஒடித்துவிடுங்கள்.