சட்டைப் பையில் ஒரு காந்தம்: இண்டக்‌ஷன் அடுப்பு, கேள்வி பதில்

போன இதழின் ஓரத்தில் "இண்டக்‌ஷன் அடுப்பில் சிக்கலா? எழுதுங்கள்" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டார். கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. ஸ்குரூ டிரைவர் பிடித்த கைக்குப் பேனா கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: புதுப் பாத்திரத்தை வைத்தால் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அடுப்பு தானாக அணைந்துவிடுகிறது. பழைய பாத்திரத்துக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. அடுப்பில் கோளாறா ஐயா?

அடுப்பில் ஒன்றும் இல்லையம்மா, பாத்திரம்தான் காரணம். என்னிடம் வருகிற அடுப்புகளில் பலவற்றில் கோளாறே இருக்காது. ஒரு அம்மா போர்வையில் சுற்றி மூன்று தடவை அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று தடவையும் என் சட்டியில் தண்ணீர் கொதித்தது, அவர் வீட்டில் மட்டும் கொதிக்கவில்லை. நாலாவது தடவை, "அடுப்பை விடுங்க, பாத்திரத்தைக் கொண்டு வாங்க" என்றேன். பளபளவென்று நல்ல கனமான எவர்சில்வர். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து அடியில் வைத்தேன். சறுக்கி மேசையில் விழுந்தது. அவ்வளவுதான் சோதனை.

இந்த அடுப்பில் நெருப்பு கிடையாது. கண்ணாடிக்கு அடியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20 ஆயிரம் தடவைக்கு மேல் திசை மாறும். அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தைக் கிளப்பும், அடி சூடாகும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே சங்கதி. காந்தம் பிடிக்கிற இரும்பு இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். அலுமினியம், செம்பு, காந்தம் ஒட்டாத எவர்சில்வர் எதை வைத்தாலும் அடுப்பைப் பொறுத்தவரை மேலே ஒன்றும் இல்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

எவர்சில்வரிலேயே இரண்டு ஜாதி உண்டு. நிக்கல் கூடுதலாகச் சேர்த்த 304 ரகத்தில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் கடைக்குப் போகும்போது கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் ஒட்ட வேண்டும்.

காந்தம் ஒட்டியும் அடுப்பு கத்தினால், அடியின் அகலத்தைப் பாருங்கள். பல அடுப்புகள் 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த அடியை ஏற்பதில்லை. சில அலுமினியப் பாத்திரங்களில் நடுவில் மட்டும் ஒரு சின்ன இரும்புத் தட்டைப் பதித்திருப்பார்கள். அகலமான பாத்திரம்தானே என்று நாம் நினைப்போம், அடுப்புக்குத் தெரிவது அந்தத் தட்டு மட்டும்தான்.

கேள்வி: பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் திரையில் 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் காட்டி நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் 'பாத்திரம் இல்லை' என்று காட்டுகிற எண், இன்னொன்றில் 'வோல்டேஜ் குறைவு' என்பதைக் காட்டலாம். கூடவே வந்த புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். ஆனால் நீங்கள் சொல்கிற விதத்தைப் பார்த்தால் மூச்சுத் திணறல் மாதிரிதான் தெரிகிறது.

அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஃபேன், பின்புறத்தில் காற்று வெளியேறும் சந்து. சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் மெத்தென்ற துணியோ செய்தித்தாளோ விரித்து அதன் மேல் வைத்திருப்பீர்கள். ஃபேன் அந்தத் தாளை இழுத்து ஒட்டிக்கொள்ளும். காற்று போகவில்லை என்றால் உள்ளே இருக்கிற பவர் டிரான்சிஸ்டர் கொதிக்கும். அதன் பக்கத்தில் இருக்கிற சென்சார் பார்த்துவிட்டு நிறுத்திவிடும். நிறுத்தியது நல்லதற்குத்தான், திட்டாதீர்கள். பின்னாலும் பக்கத்திலும் ஒரு சாண் இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் சந்தைத் தட்டிவிடுங்கள்.

தாளும் துணியும் இல்லாமலே நின்றால் உள்ளே குடித்தனம் இருக்கலாம். போன மாதம் ஒன்றைத் திறந்தேன். ஃபேன் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கலந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. விரல் நுனியால் சுற்றினால் அரைச்சுற்றில் நின்றது. சர்க்யூட் போர்டு மேல் மிளகு தூவிய மாதிரி கரப்பான் எச்சம். சின்னச் சின்னதாக ஏழெட்டு ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை, இரண்டு சாலிடர் புள்ளிகளுக்கு நடுவே கருகி ஒட்டியிருந்தது. அடுப்பின் உயிரை வாங்கியதும் அதுதான். கதகதப்பும் இருட்டும் கிடைக்கிற இடம், கரப்பானுக்கு வேறென்ன வேண்டும்? அதற்காகச் சந்துக்குள் மருந்து அடித்துவிடாதீர்கள். ஈரம் போர்டில் படும், சிலது எளிதில் தீப்பற்றும். அடுப்பைச் சுற்றி இரவில் பிசுக்கு இல்லாமல் துடைத்து, கொஞ்சம் உயரமான இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, அடி உப்பிப்போன குக்கர். கண்ணாடியின் நடுவில் கீழிருந்து ஒரு சென்சார் தொட்டுக்கொண்டிருக்கும். பாத்திரத்தின் சூட்டை அது கண்ணாடி வழியாகத்தான் அறிகிறது. அடி வளைந்து ஆடினால் சூட்டைத் தப்பாகக் கணக்குப் போடும். சமதளத்தில் கவிழ்க்காமல் வைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் அந்தக் குக்கரை இந்த அடுப்பில் வைக்காதீர்கள்.

கேள்வி: ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. வெடித்துவிடுமோ என்று பயம்.

வெடிக்காது. அடியில் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிய பாத்திரங்கள் அதிகச் சூட்டில் அதிர்ந்து பாடும். பாத்திரத்தை மாற்றினால் சத்தம் மாறும், சூட்டைக் குறைத்தால் அடங்கும். எந்தப் பாத்திரத்துக்கும் கரகரவென்று ஒரே சத்தம் என்றால் ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை.

கேள்வி: சிம்மில் வைத்தால் கொதிக்கிறது, நிற்கிறது, மறுபடி கொதிக்கிறது. தீயைக் குறைத்த மாதிரியே இல்லையே?

கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள். பல சின்ன அடுப்புகளுக்கு மிகக் குறைந்த வாட்டில் தொடர்ந்து ஓடத் தெரியாது. சில நொடி பலமாக ஓடும், சில நொடி சும்மா இருக்கும், சராசரியில் கணக்கைச் சரி செய்துகொள்ளும். பிறவிக் குணம், ரிப்பேர் செய்ய முடியாது. அடி கனமான பாத்திரம் வைத்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறது. வீட்டுக்காரர் "மனப்பிரமை" என்கிறார்.

வீட்டுக்காரரைத் தொடச் சொல்லாதீர்கள், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். லேசான சுருக்கு என்றால், சுருளிலிருந்து பாத்திரத்துக்குத் தொற்றுகிற மிகச் சின்ன மின்சாரமாக இருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு 'லேசு'தான் என்று நான் எப்படிச் சொல்வது? மூன்று முள் பிளக் என்றால் எர்த் சரியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் மயிரிழை விரிசலாவது இருக்கிறதா, பொங்கி வழிந்த தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது வரை அடுப்பு பரணில் இருக்கட்டும்.

கேள்வி: கண்ணாடி ஓரத்தில் விரிசல். டேப் ஒட்டி ஓட்டலாமா?

கூடாது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால், கீழே இருப்பது வீட்டு லைன் மின்சாரம்.

கேள்வி: பிளக் சுடுகிறது, ஒரு முள் கறுத்துவிட்டது. அடுப்பு கெட்டுவிட்டதா?

2000 வாட் அடுப்பு 230 வோல்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதைக் கொண்டுபோய் மொபைல் சார்ஜர் சொருகுகிற சின்ன ப்ளக்கிலோ, டிவியும் ஃபேனும் ஏற்கெனவே தொங்குகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ சொருகினால் அந்த இடம்தான் முதலில் கதறும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை நாக்கு தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். கறுத்த முள்ளை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பச் சொருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டே வாரத்தில் திரும்பி வருவார்கள். பிளக், சாக்கெட் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பவர் ப்ளக்தான் வேண்டும், அதற்குத் தனி வயர் வந்தால் உத்தமம்.

கேள்வி: அண்ணே, அடுப்பில் உயிரே இல்லை. ஃபியூஸ் போயிருக்கிறது. வீடியோ பார்த்து நானே மாற்றலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, ஆசை புரிகிறது, நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த அடுப்பில் ஃபியூஸ் சும்மா போகாது. பெரும்பாலும் ஐஜிபிடி என்கிற அந்தப் பவர் டிரான்சிஸ்டரோ, பக்கத்தில் இருக்கிற, ஏசி கரன்டை டிசியாக்குகிற பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ ஷார்ட் ஆகி ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் சொருகிய நொடியில் 'படார்'. செம்புக் கம்பியைச் சுற்றிப் போட்டால் படார் என்கிற சத்தம் போர்டிலிருந்து வரும்.

புது ஐஜிபிடி போட்ட பிறகும் நான் நேராகச் சொருக மாட்டேன். ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது பல்பைத் தாண்டித்தான் கரன்ட் அடுப்புக்குப் போகிற மாதிரி, மாட்டிக் கரன்ட் கொடுப்பேன். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தால் பரவாயில்லை. முழு வெளிச்சமாக எரிந்தால் இன்னும் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, ஆனால் புதுப் பார்ட் பிழைத்துக்கொண்டது. பல்பு இல்லாத காலத்தில் நான் கொளுத்திய ஐஜிபிடிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை வீடியோவில் சொன்னார்களா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதென்றால் மூடியைத் திறக்காதே.

கேள்வி: பட்டன் அமுக்கினால் கேட்பதில்லை.

ஈர விரல், இல்லையென்றால் பூட்டுப் படம் போட்ட சைல்டு லாக். காய்ந்த துணியால் பேனலைத் துடைத்துவிட்டு அந்தப் பூட்டை மூன்று நொடி அமுக்கிப் பிடியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அவர் இந்த அடுப்பில் சமைக்கலாமா?

மெக்கானிக்கிடம் கேட்டு முடிவு செய்கிற விஷயமில்லை இது, அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள். பேஸ்மேக்கருக்கும் அடுப்புக்கும் நடுவே 2 அடி, அதாவது 60 சென்டிமீட்டர் இடைவெளி என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு. ஓடும் அடுப்பின் மேல் குனிந்து எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அந்த 2 அடி போய்விடும். மருத்துவரிடம் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரன்ட் வீணாகிறதே என்று உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். சரிதானே?

சரியில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தக் குட்டி ஃபேன் தின்கிற கரன்ட் ஒன்றுமே இல்லை. அது தானாக நிற்கட்டும், அப்புறம் பிடுங்குங்கள்.