லாச்சஸிஸ், நாஜா, எலாப்ஸ்: பாம்பு மருந்துகளின் மனக்குறிகளை எப்படிப் பிரிப்பது?

ஹோமியோபதியில் பாம்பு விஷத்திலிருந்து செய்யும் மருந்துகளில் எதைப் புரட்டினாலும் சந்தேகம், சாவு பயம், தனிமை பயம் என்று ஒரே பாட்டாக இருக்கிறதே, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோமியோபதி படித்த காலத்தில் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதே இடத்தில்தான் நான் முழித்தேன். இப்போது பிராக்டீஸ் செய்யவில்லை, அதற்கான காரணம் கீழே வரும்.

ஒவ்வொரு மருந்துக்கும் அது பொருந்துகிற ஆளின் சித்திரம் ஒன்று புத்தகத்தில் இருக்கும். அதில் உணர்ச்சியின் பெயரை வைத்துப் பிரிக்கப் போனால் குழம்பித்தான் போவீர்கள். அந்த உணர்ச்சி எந்த வழியாக வெளியே போகிறது, போகாவிட்டால் எங்கே தங்குகிறது என்று பாருங்கள்.

புஷ்மாஸ்டர் என்ற பாம்பின் விஷத்தில் செய்யும் லாச்சஸிஸுக்கு வழி வாய். ஒரு பேச்சை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவி, அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எதிரில் இருப்பவரை மூச்சு விட விடாமல் பேசுவார்கள். பொறாமையும் சந்தேகமும் உள்ளே தங்காது, நாக்கில் வந்து நிற்கும். ராத்திரி ஏற ஏற உற்சாகம், தூங்கி எழுந்தால் எல்லாமே மோசம். கழுத்தில் எதுவும் இறுக்கக் கூடாது. மாதவிடாய் வந்துவிட்டால் வலியும் மனசும் லேசாகும், அது நிற்கிற வயதில் எல்லாத் தொல்லையும் கிளம்பும். எங்கள் அத்தை ஐம்பது வயதில் இப்படியே இருந்தார். தாலிக்கொடி கழுத்தை நெரிக்கிறது என்று இழுத்து இழுத்து விடுவார், மருமகள் குழம்பில் எதையோ கலக்கிறாள் என்பார், அதையும் அந்த மருமகளிடமே சொல்வார். புத்தகத்தில் இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

இந்தச் சித்திரத்தின் மூலம் கான்ஸ்டன்டைன் ஹெரிங் என்ற ஜெர்மன் மருத்துவர். 1828இல் தென்னமெரிக்காவில் சூரினாமில் இருந்தபோது புஷ்மாஸ்டர் பாம்பைப் பிடித்துவரச் செய்து அதன் விஷத்தைச் சர்க்கரையோடு அரைத்தார், அதில் அவருக்கே காய்ச்சலும் பிதற்றலும் வந்தன. அதற்குப் பிறகு கடைசி வரை இறுக்கமான காலர் போட முடியாமல் போனது என்று ஹோமியோபதிக்காரர்கள் கதையாகச் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு மனிதரின் பிதற்றலில் தொடங்கியதை வைத்து இத்தனை பேரின் மனசை அளக்கிறோம்!

நாஜா நம்ம ஊர் நல்லபாம்பு. லாச்சஸிஸ் கொட்டுவதை இது விழுங்கும். பேசப் பிடிக்காது, இல்லாத கவலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கும், கடமையில் தவறிவிட்டேன், செய்ததெல்லாம் தப்பு, இனி சரிசெய்யவே முடியாது என்கிற குற்ற உணர்வு. அது போய்த் தங்கும் இடம் நெஞ்சு, அதனால்தான் படபடப்பும் இதய வால்வு கோளாறும் இந்த மருந்தோடு சேர்த்தே படிக்கப்படுகின்றன. தற்கொலை எண்ணமும் நாஜாவின் குறிகளில் ஒன்று. பின்னால் வந்தவர்கள் நாஜா ஆளுக்கு ஒரு பெருந்தன்மை, மரியாதை எல்லாம் சேர்த்தார்கள். அது மெய்ப்பித்தலில், அதாவது நல்ல உடம்புக்காரர்களுக்கு மருந்தைக் கொடுத்துக் குறிகளை எழுதும் சோதனையில், கிடைத்ததா, நாம் புற்றுக்குப் பால் ஊற்றுவதால் வந்து ஒட்டிக்கொண்டதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கிலுகிலுப்பைப் பாம்புக்கு யாரும் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லையே.

அந்தக் கிலுகிலுப்பைப் பாம்புதான் குரோட்டலஸ் ஹாரிடஸ். இதில் உடம்புதான் பெரிசு, ரத்தம் உறையாமல் கசிவது, தொல்லை பெரும்பாலும் வலது பக்கம். மனசு சோர்ந்து, அழுகையோடு, சாவையே சுற்றி வரும். இதன் பிரேசில் சொந்தமான காஸ்கவெல்லாவில் சாவு ராட்சதக் கறுப்பு எலும்புக்கூடாகவே வந்து நிற்கும். எலாப்ஸ் பவளப் பாம்பு, மழையென்றால் பயம், தனியாக விட்டால் பயம், யாரோ பேசுவது போலக் கேட்கும். தன்னால் பேச முடியும், பிறர் பேச்சு புரியாது என்ற வினோதமான குறியும் இதற்கு உண்டு. குழிவிரியன் வகையான போத்ராப்ஸில் நாக்கு நன்றாக இருந்தும் வார்த்தை வராது. விரியன் பாம்பான வைபராவுக்கு மனசைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், காலைத் தொங்கவிட்டால் ரத்த நாளம் வெடிக்கிற மாதிரி இருக்கும் என்பதே அதன் அடையாளம்.

சரி, நான் பிராக்டீஸை விட்டு விலகியதற்குக் காரணம். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 12 தடவை கரைத்தாலே மூல விஷத்தின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். நாம் கொடுப்பதோ 30, 200 தடவை கரைத்தது, அந்த எண்ணைத்தான் வீரியம் என்பார்கள். விஷம் நிஜமாகவே மருந்தான கதை வேறு இடத்தில் நடந்தது. பிரேசிலின் ஜராரக்கா பாம்பு விஷத்தில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருளைக் கண்டு, அதை வைத்து உருவாக்கிய காப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் போத்ராப்ஸ் குடும்பம்தான். நம் பக்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் விஷம் பாம்புக்கடி மாற்று மருந்துக்குப் போகிறது. பாம்பு கடித்தால் அந்த ஊசிதான், நேராக அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், லாச்சஸிஸ் உருண்டையைத் தேடாதீர்கள். அதே போல நாஜாவின் தற்கொலைக் குறி யாரிடமாவது தென்பட்டால் வீரியத்தை யோசிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அரசின் மனநல உதவி எண் 14416இல் கூப்பிட்டால் எந்நேரமும் பேசுவார்கள்.

ஆனாலும் இந்தச் சித்திரங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். மனுஷர்களைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது இவைதான். அத்தைக்கு அப்போது லாச்சஸிஸ் 200 ஒரு வேளை கொடுத்தார்கள், ஒரே மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டார், குழம்பு சந்தேகமும் போனது. உருண்டையால்தான் என்று அவர் இன்றைக்கும் அடித்துச் சொல்வார். நானும் கூடப் போயிருந்தேன். கேஸ் எடுக்க, அதாவது அத்தையின் தொல்லைகளையெல்லாம் கேட்டு எழுத, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, அந்த டாக்டர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. எங்கள் வீட்டில் அத்தையை யாரும் ஐந்து நிமிஷம் பேச விட்டதில்லை.