ஊசியும் நூல்கண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஊசிப் பின்னல் குறித்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: எந்த நூலை வாங்குவது? பின்னப்போகும் பொருளை யார் பயன்படுத்துவார், அது எப்படித் துவைக்கப்படும், எந்த ஊரின் வெயிலிலோ குளிரிலோ அது உழைக்க வேண்டும் என்பவற்றை முதலில் தீர்மானித்துக்கொண்டால், கடையில் நிற்கும்போது ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். இப்பதில்கள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: நான் திருநெல்வேலியில் வசிக்கிறேன். பின்னக் கற்றுக்கொண்டேன், ஆனால் ஸ்வெட்டருக்கும் மஃப்ளருக்கும் இங்கு வேலையே இல்லை. அன்றாடம் பயன்படும்படி எதைப் பின்னலாம்? அதற்கு எந்த நூல் ஏற்றது?

பதில்: உங்கள் ஊருக்கு உரிய நூல் பருத்தி, அதில் தொடங்க ஏற்ற பொருள் சமையலறைத் துடைதுணி. சிறிய பொருள்தானே என்று தயங்க வேண்டாம். பருத்தி ஈரத்தை நன்றாக உறிஞ்சும். நனைந்த நிலையில் அதன் இழை வலுவிழப்பதற்கு மாறாக மேலும் வலுப்பெறும். ஆகவே நாள்தோறும் அலசிப் பிழியப்படும் துணிக்கு அதைவிடப் பொருத்தமான இழை இல்லை. கடைகளில் உல்லன் என்ற பெயரில் கிடைக்கும் அக்ரிலிக் நூல் தண்ணீரை மிகக் குறைவாகவே ஏற்கும் என்பதால் துடைப்பதற்கு உதவாது. சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணிக்கு அக்ரிலிக்கை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது சூட்டில் இளகி உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பிடிதுணியைத் தடித்த பருத்தி நூலில் இரண்டு அடுக்காகப் பின்னித் தைத்துக்கொள்ளுங்கள்.

மூலையிலிருந்து மூலைக்கு வளரும் சதுரத் துடைதுணிக்கு அளவுக் கணக்கே தேவையில்லை. தடித்த பருத்தி நூலையும் 4.5 மி.மீ. ஊசியையும் எடுத்துக்கொண்டு, 4 கண்ணிகளை (நூல் வளையங்களை) ஊசியில் ஏற்றி ஒரு வரிசை பின்னுங்கள். அடுத்து ஒவ்வொரு வரிசையிலும் 2 கண்ணிகளைப் பின்னி, ஊசியின் மேல் நூலை ஒருமுறை சுற்றி, மீதியைப் பின்னினால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 கண்ணிகள் ஆனதும், முதல் கண்ணியைப் பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாகப் பின்னி, நூலைச் சுற்றி, மறுபடியும் இரண்டை ஒன்றாகப் பின்னி, மீதியை வழக்கம்போல் பின்னினால் வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். 4 கண்ணிகள் எஞ்சும்போது மூடிவிடலாம். எல்லா வரிசைகளும் நிட் எனப்படும் அடிப்படைக் கண்ணிகளே என்பதால், வானொலி கேட்டுக்கொண்டோ வீட்டாருடன் பேசிக்கொண்டோ பின்ன முடியும். 50 கிராம் நூல்கண்டு ஒன்று பொதுவாக ஒரு துணிக்குப் போதும்.

பருத்திக்கு ஒரு குறை உண்டு. கம்பளியைப் போல அது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குவதில்லை. அதனால் பருத்தியில் பின்னிய ரிப் விளிம்புகள் (இழுத்தால் நீளும் வரிப்பின்னல் ஓரங்கள்) நாளடைவில் தளர்ந்துவிடும். பெரிய மேலாடைகள் தம் எடையாலேயே கீழ்நோக்கி நீளும். சந்தைக்குக் கொண்டுசெல்லும் வலைப்பை, கைப்பை, மேசை விரிப்பு போன்றவற்றில் இக்குறை தொந்தரவு தராது. அவற்றுக்குப் பளபளப்பு ஏற்றிய முறுக்கேறிய பருத்தி நூல் நன்று. துடைதுணிக்கு மங்கலான, மென்மையான நூலே நல்லது.

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் மகளுக்குக் குளிர்காலத்தில் குழந்தை பிறக்க இருக்கிறது. பேபி உல்லன் வாங்கி வைத்திருக்கிறேன். அது உண்மையான கம்பளிதானா? என்னென்ன பின்னலாம்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நூலின் மேல் சுற்றியிருக்கும் லேபிளைப் படியுங்கள். நம் கடைகளில் பேபி உல்லன் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி முழு அக்ரிலிக் நூலே. அதனால் அது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; மென்மையாக இருக்கும், விலை குறைவு, இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காது. ஆனால் வியர்வையை உள்வாங்காது. சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் நெகிழ்ந்து உயிரற்றதாகிவிடும், அதை மீட்க முடியாது.

கனடாவின் வீடுகளுக்குள் குளிர்காலத்திலும் வெப்பமூட்டப்பட்டிருக்கும் என்பதையும், கைக்குழந்தை உள்ள வீட்டில் துணிகளைக் கையால் அலசிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். உடலை ஒட்டி அணியும் தொப்பிக்கும் மேற்சட்டைக்கும், சூப்பர்வாஷ் (துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது) எனக் குறிக்கப்பட்ட மெல்லிய மெரினோ ஆட்டுக் கம்பளியே என் முதல் தேர்வு. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. ஆகவே வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தவுடன் குழந்தைக்குப் புழுக்கம் குறைவாக இருக்கும். நீங்கள் வாங்கிவிட்ட அக்ரிலிக் வீணாகாது. தள்ளுவண்டியில் மடிமேல் போர்த்தும் சிறு போர்வைக்கு அது மிகவும் ஏற்றது.

அளவைப் பிறந்த குழந்தைக்கெனக் கணக்கிடாதீர்கள். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு, ஆறு மாதத்தில் சுமார் 43 செ.மீ. ஆகிவிடும், நீங்கள் அனுப்பும் தபால் போய்ச் சேர்வதற்குள்ளேயே சிறிய தொப்பி பயனற்றுப்போகலாம். ஆறு மாத அளவுக்குப் பின்னுங்கள். தொப்பியின் சுற்றளவு தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால் நழுவாமல் நிற்கும்.

பாதுகாப்பு குறித்துச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். நீண்ட ரிப்பன்களையும் கழுத்துக் கயிறுகளையும் தவிருங்கள். குழந்தை வாயில் வைத்துக்கொள்ளும் என்பதால், இழை உதிரும் மொஹேர், அங்கோரா நூல்கள் வேண்டாம். பெரிய ஓட்டைகளுள்ள பூவேலைப் பின்னலில் பிஞ்சு விரல்கள் சிக்கும். பொத்தான்களை இழுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். முதல் ஓர் ஆண்டுக்கு, குழந்தை உறங்கும் தொட்டிலில் தளர்வான போர்வையோ தலையில் தொப்பியோ இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. நீங்கள் பின்னிய போர்வை விழித்திருக்கும் நேரத்துக்கு உரியது என்பதை மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: உதகமண்டலத்தில் இருக்கிறோம். கணவருக்காகப் புத்தகத்தில் சொன்னபடியே கண்ணிகளை எண்ணிப் பின்னிய மெரினோ ஸ்வெட்டர், துவைத்ததும் ஒரு அளவு பெரிதாகிவிட்டது. காரணம் என்ன? நம் மலை ஆடுகளின் கம்பளியில் இப்படி ஆகாதா?

பதில்: அளவு பார்ப்பதற்காக முன்கூட்டிப் பின்னும் மாதிரிச் சதுரத்தைத் துவைக்காமலேயே அளந்திருப்பீர்கள் என்று கருதுகிறேன். கம்பளி இழையின் மேற்பரப்பில் மிக நுண்ணிய செதில்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால்தான் பின்னல் வடிவம் குலையாமல் நிற்கிறது, வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்தும் போகிறது. சூப்பர்வாஷ் முறையில் அச்செதில்கள் அரிக்கப்பட்டோ மெல்லிய பூச்சால் மூடப்பட்டோ விடுகின்றன. சுருக்கம் நீங்குகிறது, அதோடு பிடிப்பும் நீங்குவதால், நனைந்தவுடன் பின்னல் தளர்ந்து நீள்கிறது. உங்களுடையது அவ்வகை நூல் என்றால், லேபிள் அனுமதிக்கும் பட்சத்தில், குறைந்த வெப்பமுள்ள உலர்த்தியில் சிறிது நேரம் சுழலவிட்டால் ஓரளவு மீளும்.

அடுத்த ஸ்வெட்டருக்கு, பயன்படுத்தப்போகும் அதே ஊசியில் 15 செ.மீ. சதுரம் ஒன்றைப் பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே துவைத்து உலர்த்தி, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். 10 செ.மீட்டருக்கு 22 கண்ணிகள் என்ற கணக்கில் 220 கண்ணிகள் ஏற்றினால் மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வரும். உங்கள் கை தளர்ந்து 20 கண்ணிகளே வந்தால் அதே 220 கண்ணிகள் 110 செ.மீ. ஆகிவிடும். இரண்டே கண்ணிகளின் வேறுபாடு ஓர் ஆடையை அடுத்த அளவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. கண்ணிகள் குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும், கூடுதலாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறுங்கள்.

ஊசி எண்ணையும் சரிபாருங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் 8ஆம் எண் ஊசி 4 மி.மீ.; அமெரிக்க முறையில் 8ஆம் எண் 5 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். நம் கடைகளில் பிரிட்டிஷ் எண்களைத் தாங்கிய ஊசிகள் இன்னும் விற்கப்படுகின்றன, இணையத்தில் கிடைக்கும் பின்னல் குறிப்புகளோ பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் எழுதப்பட்டவை. மில்லிமீட்டரை மட்டுமே நம்புங்கள்.

மலை ஆடுகளைப் பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. தமிழ்நாட்டு ஆடுகளில் பெரும்பாலானவை இறைச்சிக்காகவே வளர்க்கப்படுபவை. ஆடைக்குரிய மென்கம்பளி தருவது, 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவான நீலகிரி இனம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வினம் பேணப்படுகிறது. அதன் கம்பளி கையால் நூற்ற நூலாகக் கிடைக்குமானால் தயங்காமல் வாங்குங்கள். செதில்கள் நீக்கப்படாத நூல் என்பதால் வடிவத்தைக் காக்கும். ஆனால் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, தொங்கவிடாமல் தரையில் விரித்துத்தான் உலர்த்த வேண்டும்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் பின்னத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் விரல் மூட்டுகள் வலிக்கின்றன. பெரிய ஸ்வெட்டரை எடுத்தது தவறா? (மதுரை வாசகர், வயது 67)

பதில்: நெகிழ்வில்லாத பருத்தி நூலை இறுக்கமாகப் பின்னும்போதுதான் விரல்கள் மிகுதியாக உழைக்கின்றன. சிறிது காலம் கம்பளியோ கம்பளி கலந்த நூலோ எடுத்து, 4 மி.மீ. அல்லது அதற்குத் தடித்த மூங்கில் ஊசியில் பின்னிப் பாருங்கள். நீண்ட நேர் ஊசியில் துணியின் எடை முழுவதும் மணிக்கட்டில் விழும். இரு முனைகளும் வளையும் கம்பியால் இணைந்த வளைய ஊசியில் அது மடியில் தங்கிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கைகளை நீட்டி மடக்குங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்வெட்டரைக் கைவிட வேண்டியதில்லை. அதனுடன் சிறிய பொருள் ஒன்றையும் இன்னொரு ஊசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நிற வழவழப்பான நூலில் ஒரு தொப்பியோ, கம்பளியும் நைலானும் கலந்த நூலில் காலுறையோ இருந்தால், மனம் கணக்கில் நிற்காத மாலைகளில் அதைப் பின்னலாம். காலுறைக்கு 75 விழுக்காடு கம்பளியும் 25 விழுக்காடு நைலானும் கலந்த நூலே வழக்கமானது. குதிகாலில் ஏற்படும் தேய்மானத்தை நைலான் தாங்கும். பெரியவர் காலுறை ஒரு இணைக்கு 100 கிராம் போதும்.

கேள்வி: அம்மாவின் பெட்டியில் லேபிள் இல்லாத நூல்கண்டுகள் பல உள்ளன. எது என்ன என்று எப்படி அறிவது?

பதில்: சில செ.மீ. நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் வைத்த எவர்சில்வர் தட்டின் மேல் நெருப்பில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் தயங்கி எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான கரிய மணியாக இறுகும். இவற்றில் இரண்டு இழைகளின் குணங்கள் சேர்ந்து தெரிந்தால் அது கலப்பு நூல்.

கேள்வி: சென்னையின் ஈரக்காற்றில் கம்பளி உடைகளைப் பூச்சி அரிக்காமல் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அரிப்பது அந்துப்பூச்சியின் புழு, வியர்வையும் உணவுக்கறையும் படிந்த கம்பளியையே அது விரும்பித் தின்னும். ஆகவே துவைக்காமல் எந்த உடையையும் உள்ளே வைக்காதீர்கள். நன்றாக உலர்ந்தபின், காற்றுப் புகாதபடி மூடிய பையில் மடித்து வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து உதறிப் பாருங்கள். வேப்பிலையும் கற்பூரமும் துணையாக இருக்கலாம், அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. கைக்குழந்தைகளின் உடைகளோடு அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் நெடி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஒவ்வொரு உடையோடும் அதன் நூலில் சில மீட்டரையும், சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்குத் தரப்படும் எண்) உள்ள லேபிளையும் சேர்த்து வைத்தால், பின்னாளில் ஓட்டை விழுந்தாலும் அதே நிற நூலால் தைத்துக்கொள்ளலாம்.